அதே ஆள், அதே ஸ்கேனர், இரண்டு வார இடைவெளி: எஃப்எம்ஆர்ஐ அளவு மீண்டும் அதே அளவாக வருமா?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் நரம்பியல் உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். மனச்சோர்வு உள்ளவர்களிடம் எஃப்எம்ஆர்ஐ, அதாவது மூளையின் செயற்பாட்டைப் படமெடுக்கும் காந்த ஸ்கேன், எடுப்பதுதான் எங்கள் திட்டம். அதற்கு முன், நோய் ஏதுமில்லாத தன்னார்வலர்களை இரண்டு வார இடைவெளியில் இருமுறை ஸ்கேன் செய்து, ஒவ்வொருவருக்கும் முதல்முறை வந்த அளவு இரண்டாம் முறையும் வருகிறதா என்று பார்த்துவிடும்படி என் நெறியாளர் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் பயன்படுத்தவிருப்பது முகப் பொருத்தல் சோதனை. திரையின் மேல்பகுதியில் ஒரு முகமும் கீழே இரண்டு முகங்களும் தோன்றும். மேலே உள்ள முகத்தில் தெரியும் கோபமோ அச்சமோ கீழே எந்த முகத்தில் இருக்கிறது என்று பார்த்து, தன்னார்வலர் பொத்தானை அழுத்த வேண்டும். ஒப்பீட்டுக்காக, முகங்களுக்குப் பதிலாக வட்டம், நீள்வட்டம் போன்ற வடிவங்கள் இடையிடையே வரும். முகங்களின்போது வந்த சமிக்ஞையிலிருந்து வடிவங்களின்போது வந்ததைக் கழித்தால், அச்சம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டாலாவில் எஞ்சுவது உணர்ச்சி முகத்துக்கான துலங்கல் என்று கொள்கிறார்கள்.

என் குழப்பம் இதுதான். ப்ளிக்டா குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் 25 ஆரோக்கியமான தன்னார்வலர்கள் ஏறத்தாழ நான் திட்டமிட்டிருக்கும் அதே இடைவெளியில் இருமுறை ஸ்கேன் செய்யப்பட்டார்கள். குழு முழுவதற்கும் சேர்த்து வரைந்த செயற்பாட்டு வரைபடங்கள் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றுபோல வந்தன. ஆனால் தனித்தனி ஆட்களின் அமிக்டாலா அளவை எடுத்துக்கொண்டால், முதல் அளவுக்கும் இரண்டாம் அளவுக்கும் பெரிய தொடர்பே இல்லை. ஒரே தரவிலிருந்து இந்த இரண்டு முடிவுகளும் எப்படிக் கிடைக்கின்றன? எங்களுக்கும் அப்படியே வந்தால் அதை நாங்கள் எவ்வாறு எடுத்துக்கொள்வது?

---

அளவியல் ஆசிரியர் எழுதியது:

கயல்விழி, அந்த இரண்டு முடிவுகளும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பதால் அவற்றுக்குள் முரண்பாடு இல்லை. ‘உணர்ச்சி முகங்களைக் காட்டினால் மனிதர்களின் அமிக்டாலா துலங்குகிறதா’ என்பது முதல் கேள்வி. அதற்குச் சராசரியே போதும். ‘இந்த ஆளின் அமிக்டாலா அந்த ஆளுடையதைவிட அதிகமாகத் துலங்குகிறதா, இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாலும் அந்த வரிசை மாறாமல் இருக்கிறதா’ என்பது இரண்டாவது. அதற்கு ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு அளவைப் பிழையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

நீங்கள் கணக்கிடப்போகும் ஐசிசி, அதாவது உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு, இரண்டாம் கேள்விக்கு உரிய அளவுகோல். ஷ்ரௌட்டும் ஃப்ளைஸும் 1979இல் அதன் வகைகளை ஒழுங்குபடுத்திக் காட்டினார்கள். எளிமையாகச் சொன்னால், தரவில் தெரியும் மொத்த மாறுபாட்டில் ஆட்களுக்கு இடையிலான உண்மையான மாறுபாடு எத்தனை பங்கு என்பதே அது. ஆட்களுக்கு இடையிலான மாறுபாடு 1, பிழையின் மாறுபாடும் 1 என்றால் ஐசிசி 0.5. இப்போது அதே கருவியில், அதே பிழையோடு, ஒருவருக்கொருவர் பெரிதும் ஒத்திருக்கும் ஆட்களாகப் பார்த்து எடுக்கிறீர்கள் என்று கொள்வோம். ஆட்களுக்கு இடையிலான மாறுபாடு 0.25 ஆகக் குறைந்துவிட்டால் ஐசிசி 0.2க்கு இறங்கிவிடும். கருவி ஒரு துளியும் கெடவில்லை. அரிசி மூட்டைகளை நிறுக்க நன்றாகவே பயன்படும் தராசில் மூக்குத்திகளைக் கனம்வாரியாக வரிசைப்படுத்தச் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹெட்ஜ், பவல், சம்னர் மூவரும் 2018இல் எடுத்துக்காட்டியபடி, பரிசோதனை உளவியலில் ஒரு சோதனை புகழ்பெற்று நிலைத்திருப்பதே அது எல்லாரிடமும் ஒரே மாதிரியான விளைவைத் தருவதால்தான். எல்லாரிடமும் ஒரே மாதிரி விளைவு என்றால் ஆளுக்கு ஆள் வேறுபாடு குறைவு என்று பொருள். ஆகவே குழுச் சராசரிக்கு மிக நல்ல சோதனை எதுவோ அதுவே தனிமனித வேறுபாட்டை அளக்க மோசமான சோதனையாக இருந்துவிடக்கூடும். முகப் பொருத்தல் சோதனை அதற்கு ஏறத்தாழ இலக்கணம்.

---

ஐயவாதி எழுதியது:

இவ்வளவு நுட்பமாகப் பேச வேண்டிய தேவையே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. செத்துப்போன சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, அதன் மூளையில் ‘செயற்பாடு’ கண்டுபிடித்ததாக 2009இல் ஒரு குழு வேடிக்கையாகக் காட்டியதும், அதற்கு 2012இல் இக்நோபல் பரிசு கிடைத்ததும் எல்லாரும் அறிந்ததே. 2016இல் எக்லுண்ட் குழுவினர், பரவலாகப் பயன்படும் மென்பொருள்கள் சில அமைப்புகளில் 70 விழுக்காடு வரை பொய்யான கண்டுபிடிப்புகளைத் தரக்கூடும் என்று காட்டினார்கள். அடித்தளமே இப்படி இருக்கும்போது மீள்சோதனை எதற்கு?

---

அளவியல் ஆசிரியர் எழுதியது:

ஐயவாதி, நீங்கள் குறிப்பிட்ட இரண்டும் இந்தக் கேள்விக்கு அடுத்த வீட்டுக்காரர்கள். இந்த வீட்டுக்காரர்கள் அல்லர். சால்மன் ஆய்வு சொன்னது, பல்லாயிரம் வாக்ஸல்களில் (மூளைப் படத்தின் சிறு கனசதுரத் துண்டுகளில்) தனித்தனியாகப் புள்ளியியல் சோதனை நடத்திவிட்டு அதற்குரிய திருத்தத்தைச் செய்யாவிட்டால் தற்செயலாகவே சில வாக்ஸல்கள் ஒளிரும் என்பதை. திருத்தம் செய்தவுடன் அந்த மீனின் ‘செயற்பாடு’ மறைந்துவிட்டது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அந்தப் பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. எக்லுண்ட் குழுவினர் பேசியது, தொகுதிகளாக ஒளிரும் வாக்ஸல்களின் முக்கியத்துவத்தைக் கணிக்கும்போது மென்பொருள்கள் கொண்டிருந்த சில கணித ஊகங்கள் உண்மைத் தரவுக்குப் பொருந்தவில்லை என்பது பற்றி. இரண்டுமே ‘இல்லாததை இருப்பதாகச் சொல்லும்’ பிழை பற்றியவை. கயல்விழி கேட்பது, இருப்பதாக எல்லாரும் ஒப்புக்கொள்ளும் துலங்கலை ஆள்வாரியாக நிலையாக அளக்க முடியுமா என்பதை. முதற்பிழையை முழுவதுமாகத் திருத்திவிட்டாலும் இரண்டாம் கேள்வி அப்படியே நிற்கும்.

---

டாக்டர் நிலா எழுதியது:

மனநல மருத்துவராக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். குழுச் சராசரி நிலையாக இருக்கிறது என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல் தருவதில்லை. என் முன்னால் வந்து உட்காருபவர் ஒருவர்தான். அவருக்கு எந்த மருந்து பயன்படும் என்று ஓர் அளவு முன்கூட்டியே சொல்ல வேண்டுமென்றால், இன்று எடுத்தாலும் அடுத்த வாரம் எடுத்தாலும் அந்த அளவு ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையில் இதை யாரும் விவாதிப்பதே இல்லை.

எலியட் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. முன்பு வெளியான 90 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் பணிசார் எஃப்எம்ஆர்ஐயின் (ஏதாவது ஒரு பணியைச் செய்யவைத்து எடுப்பதன்) சராசரி ஐசிசி 0.397 என்று வந்தது. பிறகு அவர்களே இரண்டு பெரிய திட்டங்களின் மீள்சோதனைத் தரவை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று அமெரிக்காவின் மனித இணைப்புவரைபடத் திட்டத்தில் இருமுறை ஸ்கேன் செய்யப்பட்ட 45 பேருடையது. மற்றொன்று நியூசிலாந்தின் டனீடின் ஆய்வில் அவ்வாறு ஸ்கேன் செய்யப்பட்ட 20 பேருடையது. மொத்தம் 11 பணிகளில், முன்கூட்டியே குறித்துக்கொண்ட மூளைப் பகுதிகளின் ஐசிசி 0.067 முதல் 0.485 வரைதான் இருந்தது. சிச்செட்டி 1994இல் வகுத்த வழக்கப்படி 0.40க்குக் கீழே இருந்தால் ‘மோசம்’, 0.75க்கு மேல் போனால்தான் ‘மிகச் சிறப்பு’. அந்த ஆய்வின் மூத்த ஆசிரியர் அகமது ஹரிரி. கயல்விழி பயன்படுத்தவிருக்கும் முகப் பொருத்தல் சோதனையைப் பரவலாக்கியவரும் அவரே. தான் வளர்த்த கருவியைத் தானே சோதித்து, அது தனிமனித அளவீட்டுக்குப் போதாது என்று அறிவிப்பது எந்தத் துறையிலும் அடிக்கடி நடப்பதில்லை.

---

ஸ்கேன் அறை சேகர் எழுதியது:

நான் எம்ஆர்ஐ தொழில்நுட்பராக வேலை செய்பவன், புள்ளியியல் தெரியாது. ஆனால் ‘பிழை’ என்று ஒரே சொல்லில் நீங்கள் அடக்கிவிடும் பொருள் எங்கள் அறையில் எப்படி உருவாகிறது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் கருவி. அகர் நிரப்பிய உருண்டை ஒன்றை ஸ்கேனரில் வைத்து, சமிக்ஞை நிலையாக இருக்கிறதா, காலப்போக்கில் நகர்கிறதா என்று தவறாமல் பார்க்கிறோம். நன்றாகப் பராமரிக்கப்படும் 3 டெஸ்லா கருவியில் உருண்டையின் சமிக்ஞை மிகச் சிறிதளவே ஆடும். உருண்டையை எடுத்துவிட்டு மனிதரைப் படுக்கவைத்தவுடன் கதை மாறுகிறது. போல்டு சமிக்ஞை என்பது நரம்பணுவின் மின்துடிப்பு அன்று. செயற்படும் இடத்துக்கு ஆக்சிஜன் ஏறிய இரத்தம் கூடுதலாக வந்து சேர்வதால், அங்கே ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினின் செறிவு குறைந்து ஏற்படும் காந்த மாற்றம். தூண்டலுக்குப் பிறகு அது உச்சத்தை அடைய ஐந்தாறு விநாடிகள் ஆகும். அந்த உச்சமும் பெரும்பாலும் ஓரிரு விழுக்காடுதான். ஆகவே இரத்த ஓட்டத்தை மாற்றும் எதுவும் அளவை மாற்றும். வரும் வழியில் குடித்த காபி மூளையின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். மூச்சை அடக்கினால் கரியமிலவாயு ஏறிச் சமிக்ஞை உயரும். பயந்துபோய் வேகமாக மூச்சுவிட்டால் நேர்மாறாகும்.

அடுத்தது படுக்கவைப்பது. காதுகளுக்கு அடைப்பான், தலையின் இருபுறமும் பஞ்சுத் திண்டு, மேலே தலைச்சுருள், முழங்காலுக்கு அடியில் தலையணை, கையில் அவசர அழைப்புக்கான ரப்பர்க் குமிழ். முதல்முறை வருபவர் குமிழை இறுக்கிப் பிடித்திருப்பார். கழுத்துத் தசை விறைத்திருக்கும். ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் தலை மெல்ல ஆடும். இரண்டாம் முறை வரும்போது அதே ஆள் பாதித் தூக்கத்தில் இருப்பார். அவருக்கு அந்த இரைச்சல் பழகிவிட்டது, முகங்களும் பழகிவிட்டன. அமிக்டாலா புதியதற்கும் அச்சத்துக்கும் துலங்கும் பகுதி என்கிறீர்கள். முதல்முறை நீங்கள் அளந்தது முகத்தின் மீதான அச்சத்தையா, ஸ்கேனர் மீதான அச்சத்தையா?

அமிக்டாலா இருக்கும் இடமும் வசதியானதன்று. எலும்புக்குள் காற்று நிறைந்த அறைகளுக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே காந்தப்புலம் சீராக இருப்பதில்லை, சமிக்ஞை தேய்ந்துவிடும். படத்தளத்தின் சாய்வைச் சற்று மாற்றினாலே தேயும் அளவும் மாறும். தங்கை கயல்விழி, இரண்டு முறையும் ஒரே தொழில்நுட்பர் படத்தளம் குறிக்கட்டும்; முதல்முறை வைத்த சாய்வைக் குறித்துவைத்து அதையே மறுபடியும் வைக்கச் சொல்லுங்கள். செலவில்லாத வேலை, பலரும் செய்வதில்லை.

---

கணிநரம்பன் எழுதியது:

சேகர் அவர்கள் எழுதியது அருமை. ஓராளின் மாற்றம் எவ்வளவு இருக்கும் என்பதற்கு மெக்கோனிகல் குழுவினர் 2000இல் செய்த ஆய்வு இன்றும் படிக்கத் தக்கது. ஆரோக்கியமான ஓர் இளைஞரை இரண்டு மாதங்களில் மீண்டும் மீண்டும் ஸ்கேன் செய்தார்கள்; இயக்கம், பார்வை, அறிதல் என்ற மூன்று பணிகளும் தலா 33 அமர்வுகள். ஏதேனும் ஓர் அமர்வை மட்டும் எடுத்துப் பார்த்திருந்தால் அந்த இளைஞரைப் பற்றித் தவறான முடிவுக்கு வந்திருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். ஆனால் 2005இல் அதே தரவை வேறு முறையில் அலசிய ஸ்மித் குழுவினர், அமர்வுகளுக்கு இடையிலான மாறுபாடு அவ்வளவு பயங்கரமானதன்று என்றும், அது ஓர் அமர்வுக்கு உள்ளேயே இருக்கும் மாறுபாட்டோடு ஒப்பிடத் தக்கதே என்றும் காட்டினார்கள். தரவு ஒன்றுதான், பகுப்பாய்வு மாறியவுடன் நிலையின்மையின் அளவே மாறிவிட்டது.

இந்த இடத்தில்தான் ஆசிரியர் ஐயாவுடன் நான் சற்று வேறுபடுகிறேன். எலியட் ஆய்வு அளந்தது பெரும்பாலும் ஒரு பகுதியின் சராசரித் துலங்கலை. அமிக்டாலா முழுவதையும் ஒரே எண்ணாகச் சுருக்கிவிட்டு, அந்த எண் நிலைக்கவில்லை என்று எஃப்எம்ஆர்ஐ முழுவதையும் குறை சொல்ல முடியாது. கிராகெல் குழுவினர் 2021இல் எழுதிய மறுமொழியின் சாரமும் இதுவே: பல வாக்ஸல்களின் ஒட்டுமொத்த வடிவங்களிலிருந்து பெறும் அளவுகள் கணிசமாக உயர்ந்த நம்பகத்தன்மை காட்டுகின்றன. தரவின் நீளமும் முக்கியம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ‘நள்ளிரவு ஸ்கேன் மன்றம்’ 10 பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்கேனர் கட்டணம் குறையும் நள்ளிரவில், ஒவ்வொருவருக்கும் ஓய்வுநிலைத் தரவு (பணி ஏதுமின்றிச் சும்மா படுத்திருக்கும்போது எடுப்பது) மட்டுமே 5 மணி நேரம் சேகரித்தது. பணிகள் அதற்கு மேல். அவ்வளவு தரவு இருந்தால் ஒவ்வொருவரின் மூளை இணைப்பும் அவருக்கே உரிய அமைப்போடு, திரும்பப் பார்த்தாலும் மாறாமல் தெரிகிறது. ஆக ஐந்தே நிமிடப் பணியிலிருந்து ஓராளின் இயல்பைப் படித்துவிடலாம் என்ற ஆசையில்தான் குறை இருக்கிறது.

---

அளவியல் ஆசிரியர் எழுதியது:

கணிநரம்பன் சொல்வது எனக்கும் உடன்பாடானதே. அளவையை நீட்டினால் நம்பகத்தன்மை உயரும் என்பது ஸ்பியர்மேன்–பிரவுன் வாய்பாடாக நூறாண்டுக்கும் மேலாக நாம் அறிந்ததுதான். ஓர் அமர்வின் ஐசிசி 0.4 என்றால், இரண்டு அமர்வுகளின் சராசரிக்கு 0.57, மூன்றுக்கு 0.67, நான்குக்கு 0.73. ஆனால் இந்த உயர்வு, ஓர் அமர்வின் பிழைக்கும் அடுத்த அமர்வின் பிழைக்கும் தொடர்பில்லை என்ற நிபந்தனையின் பேரில் கிடைப்பது. பழகிப்போவதால் துலங்கல் குறைந்துகொண்டே வரும் பணியில் அந்த நிபந்தனை உடையும். பணியின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் பின்பாதியில் நீங்கள் அளப்பது வேறு பொருளாகிவிடும். ஓய்வுநிலையில் நன்றாக வேலை செய்யும் தீர்வு முகப் பொருத்தலில் அப்படியே வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நம்பகத்தன்மை குறைந்தால் என்ன இழப்பு என்று பலருக்கும் எண்ணாகத் தெரிவதில்லை. மூளை அளவின் நம்பகத்தன்மை 0.4, மனச்சோர்வு வினாநிரலின் நம்பகத்தன்மை 0.8, இரண்டுக்கும் உள்ள உண்மையான ஒட்டுறவு 0.5 என்று கொள்வோம். 0.4ஐயும் 0.8ஐயும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 0.5ஆல் பெருக்கினால் நமக்குத் தரவில் தெரியக்கூடிய ஒட்டுறவு சுமார் 0.28. வழக்கமான 80 விழுக்காட்டுத் திறனோடு (உண்மையில் இருக்கும் தொடர்பு நூற்றுக்கு எண்பது முறை பிடிபடும்படி) 0.5ஐக் கண்டறிய 29 பேர் போதும், 0.28ஐக் கண்டறிய ஏறத்தாழ 100 பேர் வேண்டும். மீள்சோதனையில் இருபது முப்பது பேருக்குச் செலவிடும் பணம் பிற்பாடு எதைத் தடுக்கிறது என்று நிதிக்குழு கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

---

கயல்விழி எழுதியது:

மிக்க நன்றி ஐயா, சேகர் அண்ணா, டாக்டர், கணிநரம்பன். மூன்று ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. ஒன்று, முகங்களிலிருந்து வடிவங்களைக் கழிப்பதே நம்பகத்தன்மையைக் குறைக்குமா? இரண்டு, 20 பேர் போதுமா? மூன்று, ஆரோக்கியமானவர்களிடம் ஐசிசி குறைவாக வந்தால், நோயாளிகளிடமும் குறைவாகவே வரும் என்று முடிவு செய்யலாமா?

---

அளவியல் ஆசிரியர் எழுதியது:

முதல் ஐயத்துக்கு: ஆம், வழக்கமாகக் குறைக்கும். முகத் துலங்கலின் நம்பகத்தன்மை 0.8, வடிவத் துலங்கலுடையதும் 0.8, இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு 0.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் மாறுபாடும் சமமாக இருந்தால், வித்தியாசத்தின் நம்பகத்தன்மையைப் பெற 0.8இலிருந்து 0.7ஐக் கழித்து, 1இலிருந்து 0.7ஐக் கழித்துவரும் எண்ணால் வகுக்க வேண்டும். 0.1ஐ 0.3ஆல் வகுத்தால் 0.33. இரு பக்கமும் நன்றாக அளக்கப்பட்டும், கழித்த பிறகு மோசம். ஒருவரது இரத்தக் குழாய் அமைப்பு, இரத்த ஓட்டம் போன்றவை இரு நிலைகளிலும் பொதுவாக இருப்பதால் அவை கழிந்துபோகின்றன. பிழைகள் கழிவதில்லை, கூடுகின்றன. ஆகவே வித்தியாசத்தின் ஐசிசியோடு, முகத்துக்கும் வடிவத்துக்கும் ஓய்வுக் கட்டத்தோடு ஒப்பிட்ட தனித்தனி ஐசிசியையும் வெளியிடுங்கள். அதற்கு உங்கள் பணியில் போதுமான ஓய்வுக் கட்டங்கள் இருக்க வேண்டும், இப்போதே சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவதற்கு: 20 பேரில் ஐசிசி 0.5 என்று வந்தால் அதன் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி (உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) ஏறக்குறைய 0.1 முதல் 0.76 வரை பரந்து கிடக்கும். ‘மோசம்’ முதல் ‘மிகச் சிறப்பு’ வரை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். 50 பேர் என்றால் 0.26 முதல் 0.68 வரை. அதுவும் மனநிறைவு தருவதன்று, ஆனால் பேசத் தக்கது.

---

டாக்டர் நிலா எழுதியது:

மூன்றாவது ஐயத்துக்கு நான் விடை சொல்லலாம். அப்படி முடிவு செய்ய முடியாது. இரு திசையிலும் முடியாது. மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு போன்றவற்றுக்கான நேர்காணலை நடத்தி, மருந்து எடுப்பவர்களை விலக்கி, வயதையும் குறுக்கி நீங்கள் தேர்ந்தெடுக்கும் தன்னார்வலர்கள் பொதுமக்களைவிட ஒருவருக்கொருவர் நெருக்கமானவர்கள். ஆசிரியர் ஐயா சொன்ன அந்த ‘ஆட்களுக்கு இடையிலான மாறுபாடு’ அங்கேயே குறைந்துவிடுகிறது. நோயாளிகள் கூடுதலாக வேறுபட்டிருந்தால் ஐசிசி உயரலாம். மறுபுறம் அவர்களின் நிலையே வாரத்துக்கு வாரம் மாறும், உறக்கம் கெட்டிருக்கும், மருந்தின் அளவு மாறியிருக்கும். அப்போது இரண்டாம் அளவு வேறுபட்டால் அது பிழையா, நோயின் மாற்றமா என்று பிரித்தறிய வழியில்லை. ஆரோக்கியமானவர்களிடம் முதலில் சோதிப்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது. எதுவும் மாறவில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய நிலையில் அளவு எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்தால்தான், மருந்து கொடுத்த பிறகு காணும் மாற்றத்தை அந்த ஆட்டத்தோடு ஒப்பிட முடியும். அதற்கு உங்களுக்குத் தேவை ஐசிசி மட்டுமன்று. அளவையின் திட்டப் பிழையும், அதாவது ஒரே ஆளை மீண்டும் மீண்டும் அளந்தால் அளவு எவ்வளவு ஆடும் என்பதும், வேண்டும். அது ஆட்களின் பரவலை அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை என்பதால், அதே கருவியிலும் நெறிமுறையிலும் எடுக்கும் நோயாளிக் குழுவுக்கு அதைத்தான் எடுத்துச் செல்ல முடியும்.

---

கணிநரம்பன் எழுதியது:

எல்லாரும் ஐசிசி குறைவதைப் பற்றியே பேசுகிறோம். உயர்ந்து வந்தால் மகிழ்ந்துவிடலாமா என்பதையும் கேட்க வேண்டும். ஸ்கேனரில் தலையை ஆட்டுபவர் அடுத்த முறையும் ஆட்டுவார். அது ஒருவரது நிலையான பண்பு. பவர் குழுவினர் 2012இல் காட்டியபடி, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவுகளே ஓய்வுநிலை இணைப்பு அளவுகளை ஒழுங்கான முறையில் திரித்துவிடுகின்றன. அப்படியானால் தலையசைவைச் சரியாக நீக்காத ஆய்வில் ஐசிசி அழகாக உயர்ந்து நிற்கும்; அளந்தது மூளையை அன்று, கழுத்தை. அமிக்டாலாவுக்குப் பக்கத்தில் ஓடும் பெரிய சிரையும் அப்படித்தான்: அதன் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு, இரண்டு வாரத்தில் மாறாது. ஆகவே சத்தம் நீக்கும் வேலையைச் சரியாகச் செய்த பிறகு ஐசிசி குறைந்தால் அதைப் பின்னடைவாகக் கொள்ள வேண்டாம். நம்பகத்தன்மையை மட்டுமே இலக்காக வைத்துப் பகுப்பாய்வு அமைப்புகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் சரியாக இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

---

ஐயவாதி எழுதியது:

சரி, கருவி குற்றவாளி அன்று என்றால், குற்றவாளி யார்? ஒரே வரியில் சொல்லுங்கள்.

---

டாக்டர் நிலா எழுதியது:

ஒரே வரியில் அடங்காது. ஆனால் கருவி அன்று என்பதற்கு நல்ல சான்று உண்டு. எலியட் ஆய்வில் அதே ஆட்களிடமிருந்து அதே ஸ்கேனர்களில் எடுத்த, மூளையின் உருவத்தை மட்டும் காட்டும் கட்டமைப்புப் படங்களில், மூளைப் புறணியின் தடிப்பு போன்ற அளவுகளின் மீள்சோதனை நம்பகத்தன்மை மிக உயர்வாக இருந்தது.

---

ஸ்கேன் அறை சேகர் எழுதியது:

கட்டமைப்புப் படத்தில் ஆள் தூங்கினாலும் புறணியின் தடிப்பு மாறாது. செயற்பாட்டுப் படத்தில் ஆள் தூங்கினால் எல்லாமே மாறும். ஓய்வுநிலை ஸ்கேனில் மூன்று நிமிடத்துக்குள்ளேயே மூன்றில் ஒருவர் விழிப்பை இழக்கத் தொடங்குவதாக 2014இல் ஓர் ஆய்வு சொன்னது. எங்களுக்கு அதைப் படித்து வியப்பே ஏற்படவில்லை. கண்ணைக் காட்டும் கேமரா உங்கள் ஸ்கேனரில் இருந்தால் இரு அமர்விலும் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால், பொத்தான் அழுத்தும் நேரத்தை ஒவ்வொரு முகத்துக்கும் சேமியுங்கள். தூக்கம் வரும்போது அது இழுபடும்.

---

கயல்விழி எழுதியது:

நெறியாளரிடம் பேசிவிட்டு வந்தேன். 20க்குப் பதிலாக 50 பேர் என்று திருத்தியிருக்கிறோம். அதற்கு ஈடாக ஒரு பணியைக் கைவிடுகிறோம். இரு அமர்வுகளும் ஒரே நேரத்தில், ஒரே தொழில்நுட்பரோடு நடக்கும். காபியை முற்றிலும் நிறுத்தச் சொல்லாமல், அவரவர் வழக்கப்படி குடித்துவிட்டு, எப்போது குடித்தார்கள் என்று குறித்துக்கொள்ளப்போகிறோம். வழக்கமாகக் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தினால் அதுவே இன்னொரு மாற்றமாகிவிடும் என்பது நெறியாளரின் கருத்து. முதல் அமர்வுக்கு முன் போலி ஸ்கேனரில் ஒருமுறை படுத்துப் பழக ஏற்பாடு உண்டு. பழகிப்போவதைப் பிழையாக மட்டும் பார்க்காமல், முதற்பாதிக்கும் பின்பாதிக்கும் உள்ள சரிவையே தனி அளவாகவும் கணக்கிடுகிறோம். ப்ளிக்டா குழுவினரே 2014இல் அமிக்டாலா பழகும் வேகம் அதன் சராசரித் துலங்கலைவிட நிலையானது என்று காட்டியிருப்பதை நெறியாளர் எடுத்துத் தந்தார்.

கடைசியாக ஒன்று. ஐசிசியில் எந்த வகையை அறிவிப்பது? சில பகுதிகளில் எதிர்ம மதிப்பு வந்தால் என்ன செய்வது?

---

அளவியல் ஆசிரியர் எழுதியது:

இரண்டு வகைகளையும் அறிவியுங்கள். முழு ஒப்புமையைக் கேட்கும் வகை, இரண்டாம் அமர்வில் எல்லாருக்கும் பொதுவாகத் துலங்கல் இறங்கியதையும் பிழையாகவே எண்ணும். வரிசை மாறாமையை மட்டும் கேட்கும் வகை அதை மன்னித்துவிடும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்திலிருந்தே பழகிப்போனதன் பங்கைப் படித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் அறிவிக்கும் கட்டுரைகளில் பெரும்பாலும் உயர்ந்து வந்ததுதான் அச்சேறுகிறது.

எதிர்ம மதிப்பு வந்தால் அதைப் பூஜ்ஜியமாக்கிவிடாமல் அப்படியே, நம்பிக்கை இடைவெளியோடு எழுதுங்கள். உண்மையான மதிப்பு பூஜ்ஜியத்துக்கு அருகில் இருக்கும்போது மாதிரியில் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் விழுவது இயல்பு. எதிர்மத்தை மட்டும் வெட்டிவிட்டால், பின்னால் தொகுப்பாய்வு செய்பவருக்குக் கிடைக்கும் சராசரி உயர்ந்துவிடும். எந்தப் பகுதி, எந்த எல்லை, எத்தனை மில்லிமீட்டர் மென்மையாக்கம் என்பதையெல்லாம் முதல் தன்னார்வலர் வருவதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். அந்த ஆவணத்தை இங்கே பகிர்ந்தால் படித்துக் கருத்துச் சொல்கிறேன்.